கேட்டுக்குள் போன நாற்காலி

ஷாமியானா கடை வைத்திருப்பவனுக்கு ஊரில் நடக்கிற நல்லதும் கெட்டதும் சொந்தக்காரர்களுக்கு முன்பே தெரிந்துவிடும். அனுப்பிய நாற்காலி மட்டும் அனுப்பியபடி திரும்பி வராது. பந்தலோ பாத்திரமோ, எதையாவது வாடகைக்கு விட்டுவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவர்கள் இதைப் படித்ததும் தலையாட்டுவார்கள். உள்ளூர்க்காரர் என்றால் ஒரு நாற்காலியை மொட்டைமாடியிலேயே வைத்துக்கொள்வார். போய்க் கேட்டால், "உன்னுதுதானே பாய், எங்க போவப்போவுது?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்.

எங்கள் கடை கேளம்பாக்கம் கடைத்தெருவில் இருக்கிறது. அத்தா ஆரம்பித்தது. அப்போதெல்லாம் மத்தியானம் ஆனால் ஊர் தூங்கிவிடும். கோவளம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் எங்கள் வாடகை நாற்காலியிலேயே சாய்ந்து தூங்குவார்கள். இப்போது ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதற்குள் ஒரு டீ ஆறிவிடும். அந்தக் காலம் திரும்பி வராதா என்று பெருமூச்சு விடுகிற ஆள் நான் இல்லை. தூங்குகிற ஊரில் யார் ஷாமியானா கேட்பார்கள்?

என்னோடு வேலை செய்பவர் ஆறுமுகம். கோவளத்து மீனவர். தடைக்காலத்தில் சும்மா இருக்க வேண்டாமே என்று பந்தல் கட்ட வந்தவர், தடை முடிந்தும் கடலுக்குத் திரும்பவில்லை. வலை கட்டிய கை என்பதால் அவர் போட்ட முடிச்சு கடல்காற்றுக்கு அசைந்து கொடுக்காது. வாய் மட்டும் எல்லாக் காற்றுக்கும் அசையும்.

கடைக்கு நேர் எதிரே உப்புக்காற்று வீசிக்கொண்டிருந்த காலி இடத்தில் அடுக்குமாடிகள் எழும்பின. முன்னால் பெரிய வளைவு, பெரிய கேட். அந்தக் கேட்டுக்குள் என் நாற்காலி போகவேண்டும் என்பதுதான் கொஞ்ச காலமாக என் ஒரே ஆசை. வியாபாரம் என்பது பாதிதான், மீதி ரோஷம். இந்த ஊரில் எங்கள் நாற்காலி போடாத வாசல் கிடையாது. எதிர்வீட்டு வாசலில் மட்டும் இல்லையென்றால் பிறகு என்ன ஷாமியானா கடை?

வெள்ளைப் பிறந்தநாள்

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல காரியத்துக்கு ஜாலர் வைத்த சிவப்பு மஞ்சள் துணி. துக்க வீட்டுக்கு வெள்ளை. அத்தா காலத்திலிருந்து அப்படித்தான். ஊருக்கே தெரியும். எந்தத் தெருவில் எங்கள் வெள்ளைத் துணி ஏறுகிறதோ அந்தத் தெருவுக்கு ஆட்கள் மாலையோடு கிளம்பிவிடுவார்கள். யார் போனது என்று போய்ச் சேர்ந்த பிறகுதான் விசாரிப்பார்கள்.

போபாலிலிருந்து வந்த சுனிதா என்கிற பெண் எங்கள் பின்தெருவில் வாடகைக்குக் குடியிருந்தார். எதிரே கட்டிக்கொண்டிருந்த ஃப்ளாட் தயாராகும்வரை என்று வந்தவர்கள். வீட்டுக்காரருக்கு சிறுசேரியில் வேலை. ஒருநாள் கையில் போனோடு கடைக்கு வந்து ஒரு படத்தைக் காட்டினார். மகளுடைய பிறந்தநாளாம். துணி, நாற்காலி உறை, தொங்கல், எல்லாமே வெள்ளையாக வேண்டுமாம். சிவப்பு மஞ்சள் நன்றாக இருக்கும் மேடம் என்று மூன்று மொழியில் சொல்லிப் பார்த்தேன். "வெள்ளை, வெள்ளை" என்று அவரும் மூன்று மொழியில் சொன்னார். ஆறுமுகம் துணியைத் தொடவே மாட்டேன் என்றார். கடைசியில் என்னைத் திட்டிக்கொண்டே போய்க் கட்டினார்.

காலையிலேயே தெரு நிறைந்துவிட்டது. பூக்கடை சரோஜா அக்கா முழநீளத்துக்கு ரோஜா மாலையோடு வந்தாள். ஷேர் ஆட்டோக்காரர்கள் ஸ்டாண்டைக் காலி செய்துவிட்டு வந்து கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்கள். டீக்கடையிலிருந்து கேன் நிறைய டீ வந்து இறங்கியது. உள்ளேயிருந்து தலையில் அட்டைத் தொப்பியோடு குழந்தை ஓடிவந்ததும் அத்தனை பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது என் விரோதிக்குக்கூட வரக் கூடாது. நல்லவேளை, சரோஜா அக்கா சட்டென்று மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, தலையிலிருந்த மல்லிகையை எடுத்துக் குழந்தைக்கு வைத்துவிட்டாள். எல்லாரும் கேக் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். சாயங்காலம் சுனிதா கடைக்கு வந்து, கண் நிறையச் சந்தோஷத்தோடு சொன்னார்: "கூப்பிடவே இல்ல, எல்லாரும் வந்தாங்க. இந்த ஊர் ரொம்ப நல்ல ஊர், பாய்."

ஷாமியானா இல்லை

எதிரே கட்டி முடித்து ஜனங்கள் குடிவந்ததும், இஸ்திரி போட்ட சட்டையோடு கேட்டுக்குப் போனேன். செக்யூரிட்டி என் பெயர், ஊர், எந்த மாடிக்குப் போகிறேன் என்றெல்லாம் கேட்டார். எதிர்க்கடைதான் என்று கையைக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, அப்படியானால் அங்கேயே இருக்கலாமே என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

ஒருவழியாக அசோசியேஷன் செக்ரட்டரியைப் பார்க்க விட்டார்கள். கோயம்புத்தூர்க்காரர், தன்மையான மனுஷர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். தரையெல்லாம் புது டைல்ஸ், குழி தோண்டக் கூடாது என்றார். தோண்ட வேண்டாம் சார், பெயிண்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி அதில் கம்பு நட்டு வைத்திருக்கிறோம் என்றேன். இல்லை, சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் எல்லா விசேஷத்துக்கும் வருகிறார்கள், அவர்களோடு பேசி முடித்தாகிவிட்டது என்றார். நான் எழுந்தபோது மனசு கேட்காமல் அவரும் எழுந்து, சமாதானமாகச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க பாய், நாங்க டெக்கரேஷன்தான் பண்றதுங்க. ஷாமியானா இல்லைங்க."

அம்மனுக்கு மட்டன்

வங்காளிகள் நாலைந்து குடும்பம் சேர்ந்து துர்கா பூஜை நடத்த ஊருக்குள் ஒரு மண்டபம் பிடித்தார்கள். பாத்திரம் எடுக்க வந்தவர் கண்ணாடி போட்ட பெரியவர். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகளோடு இருக்கிறார். பூஜைக்கு என்றதும் நான் உஷாரானேன். பிரியாணி கிண்டுகிற தேக்சாவைப் பூஜைக்குக் கொடுத்துவிட்டு நாளைக்கு ஒரு வார்த்தை வரக் கூடாது பாருங்கள். சைவச் சமையலுக்கென்று பச்சை பெயிண்ட் அடித்துத் தனியாக வைத்திருக்கும் பாத்திரங்களை இறக்கி, இதில் கறி வாசனையே பட்டதில்லை என்று பெருமையாகக் காட்டினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கிச்சடிக்கு இது போதும், மட்டனுக்குப் பெரிய தேக்சா எங்கே என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூஜையில் மட்டனா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். ஆறுமுகம் பின்னால் நின்று இருமினார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, துர்கா தங்கள் வீட்டுப் பெண், கல்யாணம் கட்டிக்கொடுத்தவள் என்றும், வருஷத்துக்கு ஒருமுறை பிறந்த வீட்டுக்கு வருகிறாள் என்றும் தெரிந்த தமிழில் விளக்கினார். அப்புறம் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விக்காகவே எங்கள் கடையிலேயே பெரிய தேக்சாவை நானே தேய்த்துக் கொடுத்தேன். அவர் கேட்டது: "உங்க பொண்ணு வீட்டுக்கு வந்தா மட்டன் போடாம அனுப்புவீங்களா, பாய்?"

ஆறுமுகம் வீட்டு நிச்சயம்

ஆறுமுகத்தின் மகள் தேவி ஓ.எம்.ஆரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த ஆஸ்பத்திரியே இந்த ஃப்ளாட்டுகளை நம்பி வந்ததுதான். சதுரங்கப்பட்டினத்தில் மாப்பிள்ளை முடிவாகி, கோவளத்தில் கடலைப் பார்த்த மாதிரி நிச்சயதார்த்தம். கடையிலேயே நல்ல சிவப்பு மஞ்சள் துணியாகப் பார்த்து ஆறுமுகம் துவைத்துக் காயப்போட்டிருந்தார். மகள் வந்து வெள்ளைதான் வேண்டும் என்றாள். கூடவே வெள்ளைப் பூ, வெள்ளைத் திரை.

ஆறுமுகம் குதித்தார். "இன்னாம்மே பேசற? வெள்ளை சாவுக்குக் கட்றது. நல்ல நாளும் அதுவுமா நம்ம வூட்டு வாசல்ல அத்தக் கட்டுவனா?" என்று கடை அதிரக் கத்தினார். தேவி அசரவில்லை. டூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டாள்: "தெனம் நான் வேலைக்குப் போட்டுகினு போறேனே, அது இன்னா கலரு நைனா?"

கேட்டுக்கு வெளியே

அதற்குள் சுனிதா குடும்பம் எதிரே பதினான்காவது மாடிக்குக் குடிபோய்விட்டிருந்தது. ஒருநாள் காலையில் கடை திறந்துகொண்டிருக்கும்போது அவரிடமிருந்து போன். கூடவே இருந்த மாமனார் தூக்கத்திலேயே போய்விட்டார். வீட்டுக்காரர் ஆபீஸ் வேலையாக டெல்லியில் இருக்கிறார், கிடைக்கிற முதல் பிளேனில் வருகிறார். பக்கத்து ஃப்ளாட்டில் யார் இருக்கிறார்கள் என்றே சுனிதாவுக்குத் தெரியாது. "இன்னா பண்றது பாய், சொல்லுங்க" என்று அழுதார். கேளம்பாக்கம் மார்க்கெட்டில் கற்றுக்கொண்ட தமிழ் அது. அதைக் கேட்டதும் ஷட்டரைப் பாதியிலேயே விட்டுவிட்டேன்.

தெரிந்த டாக்டரை மேலே அனுப்பினேன். ஐஸ் பெட்டிக்குச் சொன்னேன். சாவு வீட்டுக்கு முன்பணம் பேசுகிற வழக்கம் எங்கள் கடையில் கிடையாது, யாரும் கேட்காமலே நாற்காலி போய்விடும். அப்படித்தான் இதையும் வண்டியில் ஏற்றினோம். பெட்டியையும் டாக்டரையும் உள்ளே விட்ட செக்யூரிட்டி எங்கள் வண்டியை மட்டும் நிறுத்திவிட்டார். உள்ளே ஷாமியானா கட்ட அனுமதி இல்லையாம். செக்ரட்டரி போனை எடுக்கவில்லை.

துக்க வீட்டு வாசலில் சத்தம் போடக் கூடாது. நான் ஆறுமுகத்தைப் பார்த்தேன். அவர் வண்டியைப் பத்தடி பின்னால் எடுக்கச் சொல்லி, கேட்டுக்கு வெளியே ரோட்டோரமாகச் சிமென்ட் டப்பாக்களை இறக்கினார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெரிய வளைவுக்கு முன்னால் எங்கள் வெள்ளைத் துணி ஏறிவிட்டது.

அவ்வளவுதான். ஊர் பார்த்துவிட்டது. சரோஜா அக்கா மாலையோடு ரோட்டைக் கடந்து வந்தாள், இந்த முறை ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. ஆட்டோ ஸ்டாண்ட் காலியானது. டீக் கேன் வந்தது. பூஜைக்குத் தேக்சா எடுத்த வங்காளிப் பெரியவர் மகளோடு வந்து உட்கார்ந்தார். சரோஜா அக்கா செக்யூரிட்டியிடம், "அந்தப் பொண்ணு மேல தனியா உக்காந்துகினு கீது, நான் போறேன், பெயரெல்லாம் அப்புறம் எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போய்விட்டாள். அதைப் பார்த்து மாடிகளிலிருந்தும் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். ஒரே மாடியில் இருந்துகொண்டு முகம் தெரியாதவர்கள், எங்கள் நாற்காலியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் கேட்டுக்கொண்டார்கள்.

செக்ரட்டரி வெளியே போயிருந்தவர், காரில் வந்து இறங்கி அப்படியே நின்றுவிட்டார். வெயில் ஏறியிருந்தது. கூட்டத்தையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் செக்யூரிட்டியிடம், இரண்டு கதவையும் திறங்க, உள்ளே நிழலாக இருக்கும், அங்கே போடட்டும் என்றார். முதல் வரிசை நாற்காலிகளை ஆறுமுகம்தான் உள்ளே தூக்கிப்போனார். இத்தனை நாள் ஆசைப்பட்டது நடந்தது. அதை நினைத்துச் சந்தோஷப்படக்கூட அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஊரை நினைத்து நெஞ்சு நிமிர்ந்தது உண்மை. செக்ரட்டரி ஆறுமுகத்திடம் தாழ்ந்த குரலில், இவ்வளவு பேரும் அவர்களுக்குச் சொந்தமா என்று கேட்டார். ஆறுமுகம் நாற்காலியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்: "சொந்தக்காரங்க இன்னும் பிளேன்ல வந்துகினு கீறாங்க சார். இவங்க ஊர்க்காரங்க."

சொல்லிக்கொண்டு

அன்று சாயங்காலம் தகனம் முடிந்ததும் யாரும் யாரிடமும் எதுவும் சொல்லாமல் கலைந்தோம். துக்க வீட்டில் 'போயிட்டு வரேன்' என்று சொல்லக் கூடாது என்பது நமக்கெல்லாம் தெரியும், போபாலுக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்து சுனிதா கடைக்கு வந்து, அன்றைக்கு எல்லாரும் கோபமாகப் போய்விட்டீர்களா, நான் ஏதாவது தப்பு செய்தேனா என்று முகம் வாடக் கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் ஆறுமுகம், துக்க வீட்டில் 'போயிட்டு வரேன்' என்று சொன்னால் திரும்ப ஒரு சாவுக்கு வருகிறேன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று விளக்கினார். சுனிதா அந்த வார்த்தையை ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் மகளின் பிறந்தநாள் வந்தது. இந்த முறை கேட்டுக்குள், செக்ரட்டரியே நின்று இடம் காட்ட, ஜாலர் வைத்த சிவப்பு மஞ்சள் துணியைக் கட்டினோம். சரோஜா அக்கா மல்லிகையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்து, வழக்கம்போல் ஓரமாக நழுவி வண்டியில் கால் வைத்தேன். பின்னாலேயே ஓடிவந்து சுனிதா வழியை மறித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தார்: "அன்னிக்கு சொல்லாம போனீங்க. இன்னிக்கு 'போயிட்டு வரேன்'னு சொல்லிட்டுதான் போவணும், பாய்."

சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அந்தக் கேட்டுக்குள் போகிற நாற்காலிகளில் இப்போதெல்லாம் ஒன்றிரண்டு திரும்பி வருவதே இல்லை. அதிலிருந்தே எதிர்வீட்டுக்காரர்களும் ஒருவழியாக ஊர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள் என்று தெரிகிறது.