ரெங்கராஜ் பெயர் எழுதிய சுவர்

மாயாண்டி சிவகங்கைப் பக்கத்தில் கிணறுகளுக்கு உள்சுவர் கட்டிக்கொண்டிருந்தவன். சுண்ணாம்பும் இல்லை, சிமெண்டும் இல்லை. கல்லைப் புரட்டிப் பார்த்து, அதற்கு ஏற்ற இன்னொரு கல்லைத் தேடி, ஒன்றையொன்று கவ்வும்படி உட்கார வைப்பான். அந்தக் கைக்காகத்தான் 1976-இல் கம்பெனி அவனை வளைகுடாப் பக்கத்துப் புஜைராவுக்குக் கூட்டி வந்தது.

கடலைப் பார்த்த மலைச்சரிவில் அர்பாபுக்கு ஒரு தோட்டம் வேண்டியிருந்தது. வியாபாரத்துக்காக இத்தாலி போயிருந்த அந்த முதலாளி, லிகூரியா என்ற கடற்கரைச் சீமையில் பார்த்த தோட்டங்களில் மயங்கிவிட்டார். அதே மாதிரி அமைத்துக் கொடுக்க அந்தச் சீமையிலிருந்தே ஜூலியானா மேடம் வந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, தலையில் வைக்கோல் தொப்பி. டீ நேரத்தில் ஆட்களோடு கல்லின் மேல் உட்கார்ந்து தன் ஊர்க்கதை சொல்வார். திருச்சிக்காரரான டிராஃப்ட்ஸ்மேன் பாஸ்கர் அதைத் தமிழில் சொல்லுவார்.

"அவங்க ஊர்ல மலை நேரா கடல்ல இறங்குதாம். சமதரையே கிடையாது. குடியானவங்க கூடையில மண்ணு சுமந்து, கல்லுச்சுவர் வச்சு அடுக்கடுக்கா வயல் பண்ணியிருக்காங்க. ஆலிவ், எலுமிச்சை, திராட்சை. அப்புறம் கப்பல் வச்சிருந்த பெரிய வியாபாரிங்க அந்த அடுக்கையெல்லாம் வாங்கி, வெள்ளைத் தூண் நட்டு, கொடிப்பந்தல் போட்டு, கறுப்பும் வெள்ளையுமா கூழாங்கல்லு பதிச்சுத் தோட்டமாக்கிட்டாங்க. அதுக்கும் நூறு இருநூறு வருஷம் கழிச்சு, குளிருக்குப் பயந்து வந்த வெளிநாட்டுக்காரங்க பேரீச்சை, கத்தாழைன்னு கண்ட கண்ட நாட்டுச் செடியெல்லாம் வச்சாங்க. மேல இருக்கிற தோட்டம் எத்தனையோ தடவ மாறிருச்சு. சுவரை மட்டும் யாரும் தொடலையாம்."

"ஏன் தொடல?" என்றான் மாயாண்டி.

மேடம் சிரித்துக்கொண்டே தன் விரல்களை விரித்துக் காட்டினார். இடுக்கு வழியாகத் தண்ணீர் போக வேண்டும். பின்னால் சல்லிக்கல், முன்னால் பூச்சில்லாத சுவர். பூசினால் மழைத் தண்ணீர் பின்னால் தேங்கிச் சுவரைத் தள்ளிவிடும். மாயாண்டிக்கு இது புதிதில்லை. கிணற்றிலும் அதே கணக்குதான். ஆனால் எங்கோ கடலுக்கு அப்பால் தன்னைப்போலவே ஒருவன் காலங்காலமாகக் கல்லைப் புரட்டியிருக்கிறான் என்பதில் அவனுக்குப் பெருமையாக இருந்தது. முதல் இரண்டு அடுக்கையும் மேடம் சொன்னபடி கட்டி முடித்தான்.

அடுத்த வருஷம் செப்டம்பரில் மேடத்தின் தாயாருக்கு உடம்பு மோசம் என்று தந்தி வந்தது. மறுநாளே விமானம் ஏறினார். சைட் முழுக்க சூப்பர்வைசர் ரெங்கராஜ் கைக்கு வந்தது.

அக்டோபரில் மாயாண்டிக்கும் ஒரு தந்தி வந்தது. அது அவன் கைக்கு வரவில்லை. அவன் மனைவி சீதாலட்சுமிக்கு மூளைக் காய்ச்சல், உடனே வரவும் என்று இருந்ததை ரெங்கராஜ் படித்துவிட்டு மேசை டிராயரில் போட்டுப் பூட்டினான். ஜனவரியில் அர்பாப் வீட்டில் கல்யாணம். மாயாண்டி போனால் அதற்குள் சுவர் எழும்பாது. பாஸ்போர்ட்டும் ஆபீஸில்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து மைத்துனன் எழுதிய கடிதம் வந்தது. அக்கா ஆறு நாள் கிடந்தாள், வாசலையே பார்த்துக்கொண்டிருந்து போய்ச் சேர்ந்துவிட்டாள், தந்திக்குக்கூட மதிப்பில்லையா என்று கேட்டிருந்தான்.

மாயாண்டி ஆபீஸுக்குப் போனான். ரெங்கராஜ் மறைக்கவில்லை.

"வந்துச்சுடா. லீவு குடுக்குற நிலைமையா இங்க இருக்கு? நீ போயிருந்தா மட்டும் பொழைச்சிருப்பாளா? மனசத் தேத்திக்கிட்டு டூட்டிய பாரு."

மேசையோரத்தில் கடப்பாரை சாத்தியிருந்தது. மாயாண்டி அதைப் பார்த்தான். ஒரே அடி. அதோடு இவனுக்கு எல்லாம் முடிந்துவிடும். அது போதாது என்று தோன்றியது. "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

அன்றிலிருந்து அவனைப்போல் பணிவான ஆள் சைட்டில் இல்லை. நவம்பரில் ரெங்கராஜ் அவசரப்பட்டான். மூன்றாவது, நாலாவது அடுக்கைச் சிமெண்டு வைத்து மளமளவென்று ஏற்றச் சொன்னான். "மேடத்தோட பழைய பஞ்சாங்கமெல்லாம் வேணாம். தண்ணி போகப் பைப்பு வச்சுரு, போதும். ஜல்தி!"

மாயாண்டி பைப் வைத்தான். வெளியே பார்த்தால் ஆறடிக்கு ஒன்று அழகாக வாய் திறந்திருக்கும். உள்பக்கத்தில் ஒவ்வொன்றையும் தன் கையாலேயே சிமெண்டு திணித்து அடைத்தான். சல்லிக்கல் போட வேண்டிய இடத்தில் களிமண்ணைத் தள்ளி மிதித்தான். மிதிக்கும்போது ஒன்று, இரண்டு என்று ஆறு வரை எண்ணுவான். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவான்.

சுவர் முடிந்த அன்று ரெங்கராஜிடம் போய் நின்றான்.

"சார், மேடம் வந்து எல்லாம் தன்னோட வேலைன்னுருவாங்க. சிமெண்டு ஈரமாத்தான் இருக்கு. உங்க பேரைப் போட்டு விடுங்க."

ரெங்கராஜுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆணியை வாங்கி, ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தன் பெயரையும் வருஷத்தையும் எழுதினான். மாயாண்டி விளக்கு பிடிப்பவன்போலப் பக்கத்தில் நின்று பார்த்தான்.

டிசம்பர் கடைசி வெள்ளிக்கிழமை, விடுமுறை நாள். காலையிலிருந்தே மலைக்கு மேல் மேகம் கறுத்துக் கிடந்தது. எலுமிச்சைக் கன்றுகளுக்குத் தண்ணீர் விடும் கௌஸ் முகைதீன் நாலாவது அடுக்கில் செடிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். மாயாண்டி கீழிருந்து ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தான்.

"பாய், கேம்புக்கு வாங்க. கறிச்சோறு ஆறுது."

"இந்தா, இத முடிச்சுட்டு வாரேன்பா."

"முடிச்சது போதும். வாங்கங்குறேன்ல!"

அவரை இழுத்துக்கொண்டு வந்தான். அவர்தான் அன்று அங்கே இருந்த ஒரே ஆள். யாரையும் கொல்ல அவன் கணக்குப் போடவில்லை.

நடுப்பகலுக்குள் மழை கொட்டித் தீர்த்தது. மூன்று மணிக்கு ஊமையிடிபோல ஒரு சத்தம். எல்லாரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். நாலாவது அடுக்கு வயிறு தள்ளிப் பிளந்து மூன்றாவதின் மேல் விழுந்திருந்தது. இரண்டும் சேர்ந்து இத்தாலியிலிருந்து வந்த எலுமிச்சைக் கன்றுகளை மண்ணோடு புதைத்திருந்தன. கீழே, மாயாண்டி முதலில் கட்டிய இரண்டு சுவர்களும் இடுக்கெல்லாம் தண்ணீரை வழியவிட்டுக்கொண்டு நின்றன.

மாலையில் அர்பாப் வந்தார். உடைந்த சிமெண்டுப் பாளத்தில் இருந்த பெயரைச் செருப்புக்காலால் தட்டிக் காட்டினார். ரெங்கராஜ் வாய் திறப்பதற்குள், "கலாஸ்!" என்றார். அரபியில் முடிந்தது என்று அர்த்தம். ரெங்கராஜின் விசா ரத்தானது.

ஊருக்குப் புறப்படும் அன்று ரெங்கராஜ் கேம்புக்குத் தேடி வந்தான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"யோசிச்சுப் பாத்தேன்டா. பைப்பு வழியா ஒரு சொட்டு வரல. அடைச்சது நீதானே?"

"நான்தான்."

"பாவி! இப்பப் போய்ச் சொன்னா அர்பாப் நம்புவாரா? என் குடும்பமே நடுத்தெருவுல நிக்கப் போகுது."

"ஆறு நாளு வாசலப் பாத்துக்கிட்டுக் கெடந்தா சார்" என்றான் மாயாண்டி. "நீங்க உசுரோட ஊருக்குப் போறீங்க. உங்க பொண்டாட்டி வாசல்ல நிப்பாங்க. போயிட்டு வாங்க."

ரெங்கராஜ் வண்டி ஏறும்வரை நின்று பார்த்தான். அன்று வயிறாரச் சாப்பிட்டான்.

தாயாரை அடக்கம் செய்துவிட்டு ஜனவரியில் ஜூலியானா மேடம் திரும்பினார். இடிபாட்டைக் கிளறியவர் ஒரு பைப்பை எடுத்து உள்ளே விரலை விட்டார். இன்னொன்றை எடுத்தார். பிறகு மாயாண்டியையும் பாஸ்கரையும் கூப்பிட்டார். மாயாண்டி ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னான். தந்தியிலிருந்து பெயர் வரைக்கும். பாஸ்கர் பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேடம் பைப்பைக் கீழே வைத்துவிட்டுப் பாஸ்கரிடம் ஒன்று கேட்டார்.

"வருத்தம் இருக்கான்னு கேக்குறாங்க" என்றார் பாஸ்கர்.

"எலுமிச்சங்கன்னுக்காக இருக்கு. வேற எதுக்கும் இல்லைன்னு சொல்லுங்க."

அவனை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. வேலையிலிருந்து நீக்கவும் இல்லை. அந்தச் சுவர்களை மறுபடி கட்ட வேறு கையும் இல்லை. மாயாண்டி ஐந்து மாதம் கல்லைப் புரட்டி, பூச்சில்லாமல், பின்னால் சல்லி போட்டு இரண்டு அடுக்கையும் நிமிர்த்தினான். மேடம் தினமும் வந்தார். எந்தக் கல் எங்கே என்று விரலால் காட்டினார். டீ நேரத்தில் தன் குவளையை எடுத்துக்கொண்டு தனியாகப் புதிதாய்ப் போட்ட கொடிப்பந்தலுக்குக் கீழே போய்விடுவார். அந்தக் கடற்கரைச் சீமையின் கதையை அதற்குப் பிறகு அவனிடம் அவர் சொன்னதே இல்லை.

அது மட்டும் அவனுக்கு உறுத்தியது. மற்றபடி ரெங்கராஜின் முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம், கையிலிருக்கும் கல்லை இன்னும் இறுக்கிப் பொருத்துவான்.