பிறப்பதற்கு முன் ஞானஸ்நானம்

எங்கள் வீட்டுக்காரரை நினைக்கும்போதெல்லாம் அவருடைய குசினிச் சுவரில் அடுப்புக்கு மேலே தொங்கிய படம்தான் முதலில் கண்ணில் வரும். மழையில் நனைந்த கல்வீடு ஒன்று. அதன் முன்னால் சிவந்த முகங்களோடு ஒரு மாட்டுப்பண்ணைக் குடும்பம். நடுவில் வீட்டுக்காரர், இரண்டு பக்கத்திலும் ஆட்கள் தோளில் கைபோட்டிருக்க, அழுது முடித்த கண்களோடு சிரித்துக்கொண்டு நிற்பார். அயர்லாந்தில் தன் தாத்தா பிறந்த வீடு அது என்றும், நிற்பவர்கள் தன் இரத்தச் சொந்தங்கள் என்றும், லிட்கம் என்ற புறநகரில் அவருடைய பின்வளவு வீட்டுக்கு நாங்கள் குடிவந்த அன்றே காட்டினார். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற பிறகு, பழைய தேவாலயப் பதிவேடுகளையும் அரசாங்கப் பிறப்புப் பதிவுகளையும் கணினியில் வருடக்கணக்காகத் துழாவி அந்தச் சொந்தங்களைக் கண்டுபிடித்திருந்தார். நத்தார் பண்டிகைக்கு அவர்கள் அனுப்பும் வாழ்த்து மட்டை அடுத்த நத்தார்வரை குளிர்சாதனப் பெட்டிக்கு மேலேயே நிற்கும்.

நல்ல மனிதர். ஆனால் பொய் என்றால் அவருக்கு ஆகாது. திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் செவ்வாய்க்கிழமை வந்த குழாய் வேலைக்காரரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு, ஒழுகும் குழாய்க்குக் கீழே வாளி வைத்துக்கொண்டு இருந்தவர். அப்படிப்பட்டவரின் வளவில்தான், பொய்யன் என்று எழுத்திலேயே பெயர் வாங்கிய நான் குடியிருந்தேன்.

என் அகதி விண்ணப்பத்தை நிராகரித்த கடிதம் வந்த பின்னேரம், அதன் ஆங்கிலம் சரியாகப் பிடிபடாமல் அவரிடம்தான் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். என் பிறப்புச் சான்றிதழில் மார்ச் மாதம் பிறந்ததாக இருக்கிறது. மன்னாரிலிருந்து பங்குத்தந்தை அனுப்பிய பத்திரத்திலோ பெப்ரவரியிலேயே ஞானஸ்நானம் கொடுத்ததாக இருக்கிறது. பிறக்காத பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது. ஆகவே பத்திரம் போலி, போலிப் பத்திரம் தந்தவர் சொல்லும் மற்றதையும் நம்புவதற்கில்லை. ஊரில் ஆமி வந்து அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போனதும், பிறகு என்னைத் தேடி வந்ததும், நான் சொன்ன எல்லாம் அதோடு அடிபட்டுப் போயின.

“இது நீ செய்வித்த பத்திரமா?” என்று வீட்டுக்காரர் கேட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பிறந்தபோது நான் பிழைப்பேனோ என்று பயந்து, அம்மாவும் மாமியும் உடனே ஞானஸ்நானம் கொடுக்கக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அப்பா மீன்பிடிக்க வேறு கரைக்குப் போய், அங்கே ஓலை வாடி போட்டுத் தங்கியிருந்தார். அவர் திரும்பி வந்து பதியப் போனபோது காலம் பிந்திவிட்டது. தண்டம் கட்டவேண்டும், ஏன் பிந்தியது என்று கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். பதிவாளருக்கு முன்னால் நின்று பிறந்த மாதத்தைத் தள்ளிச் சொல்லிவிட்டார். எங்கள் கரையில் அது ஒரு விஷயமே இல்லை.

“கோயிலுக்கு ஆரும் பொய் சொல்லாயினம், அங்கிள். அரசாங்கத்துக்குத்தான் சொல்லுறது!” என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் கத்தினேன். அவருடைய முகம் வெளிறிப்போனது. கடிதத்தை என் கையில் தந்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன்பிறகு எங்களோடு பேசவில்லை. குப்பைத் தொட்டி வைக்க வந்தாலும் தலையைக் குனிந்துகொண்டே போனார். “அந்த மனுசன் எங்களை வீட்டைவிட்டு எழும்பச் சொல்லப்போகுதப்பா. பிள்ளையையும் கொண்டு எங்க போறது?” என்று மனைவி புலம்பத் தொடங்கினாள். மேல்முறையீட்டு விசாரணைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதிலும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கதவு தட்டும் சத்தம் கேட்டாலே மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவாள்.

ஒரு சனிக்கிழமை தட்டியவர் அவர்தான். கையில் அச்சிட்ட இரண்டு தாள்கள். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னோம், இருக்கவில்லை. தன் தாத்தாவின் பெயரில், தாய் தகப்பன் பெயரும் ஒன்றாகவே, பக்கத்துப் பக்கத்துக் கோயில் பங்குகளில் இரண்டு பிள்ளைகள் பிறந்திருப்பதாகச் சொன்னார். ஐரிஷ்காரர்களும் எங்களைப் போல நாலு பெயரை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கக் கூப்பிடுகிறவர்கள் போலும். ஒரு பிள்ளைக்குத் திகதிகள் ஒழுங்காக இருந்தன. மற்றப் பிள்ளைக்குப் பிறப்புக்கு முன்னமே ஞானஸ்நானம்.

“பிழையான பதிவென்று இதை அன்றே ஒதுக்கிவிட்டேன். நீ கத்திய பிறகுதான் தேடிப் பார்த்தேன். அங்கேயும் பிந்திப் பதிந்தால் தண்டம். அங்கேயும் திகதியைத் தள்ளியிருக்கிறார்கள்,” என்றார். ஒழுங்கான திகதிகளைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் கல்வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். இரண்டில் எது தன் தாத்தா என்று இப்போது அவருக்கே தெரியவில்லை.

மனைவி தாள்களை எட்டிப் பார்த்தாள். “ஞானத்தாய் ஆர் எண்டு கேளுங்கோ,” என்றாள். எங்கள் ஊரில் ஒருவன் யாருடைய ஆள் என்று அறிய அதைத்தான் கேட்பார்கள். பெரும்பாலும் மாமியோ பெரியம்மாவோதான் ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தியிருப்பார்கள். வீட்டுக்காரர் அந்த வரியைக் கவனித்ததே இல்லையாம். ஒழுங்கான தாளில் இருந்த பெயரை வாசித்துவிட்டுத் தலையாட்டினார், தெரியாத பெயர். ஒதுக்கிவைத்த தாளில் விரலை வைத்தவர் விரலை எடுக்கவில்லை. தாத்தாவோடு கப்பலில் வந்து, கல்யாணம் செய்யாமலே இருந்து, லிட்கம் மயானத்தில் அவருக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்ட, தாத்தாவுக்குப் பெரியம்மா முறையானவரின் பெயர் அது. சின்ன வயதிலிருந்தே அந்தக் கல்லறைக்குப் பூ வைப்பவர் வீட்டுக்காரர்.

அப்போதுதான் கதிரையில் இருந்தார். “அப்படியென்றால் அந்த வீட்டில் என்னைக் கட்டிப்பிடித்தவர்கள் யார்?” என்று கேட்டார்.

என் வழக்கறிஞர் இதைக் கேட்டதும் அவரைச் சாட்சியாக அழைத்துவரச் சொன்னார். ஆனால் வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். “எனக்கென்று இருப்பவர்கள் அவர்கள் மட்டும்தான், மேட். சத்தியம் செய்து ஒன்றைச் சொன்னால், பிறகு அதை அவர்களிடம் மறைக்க என்னால் முடியாது,” என்றார். எனக்கு அவர்மீது வெறுப்பே வந்தது. கடல் கடந்து இருக்கும் யாரோ நாலு பேரின் வாழ்த்து மட்டைக்காக என்னைச் சாகவிடுகிறாரே என்று மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். அவருடைய தனிமையை நினைக்கிற நிலையில் அன்று நான் இல்லை.

விசாரணைக்குப் புறப்பட்ட காலை அவருடைய கதவு பூட்டியிருந்தது. லிட்கம் ரயில் நிலையத்தின் படியிறங்கிப் பார்த்தால், செத்தவீடுகளுக்குப் போடும் கறுப்புக் கோட்டோடு மேடையில் நிற்கிறார். நகரம் வரும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

விசாரித்தவர் ஒரு பெண்மணி. இரண்டு தாள்களையும் முன்னால் வைத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் கேட்டார்: “உங்கள் தாத்தாவின் தகப்பன் அரசாங்கத்துக்குப் பொய் சொன்னவர் என்கிறீர்களா?”

குழாய் வேலைக்காரரை நினைத்துக்கொண்டு, முடிந்தது என் கதை என்றே நினைத்தேன்.

“ஆம், பொய்தான் சொன்னார்,” என்றார் வீட்டுக்காரர். “அதற்காக என் தாத்தா பிறக்காமல் போய்விடவில்லை, அம்மா.”

அந்தப் பெண்மணி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அன்றைய விசாரணையில் முதல் தடவையாக, அண்ணாவைப் பற்றி என்னிடம் கேட்டார்.

முடிவு சாதகமாக வந்த பின்னேரம் முதலில் அவரிடம்தான் ஓடினேன். குசினிக் கதவு திறந்திருந்தது. தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அயர்லாந்தில் அப்போது காலை. என் தாத்தா உங்கள் வீட்டில் பிறக்கவில்லை, நான் பிழையான பதிவைப் பிடித்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்புவிப்பதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் படியிலேயே நின்றுவிட்டேன். அந்தப் பக்கத்தில் அதிகம் பேசியதாகத் தெரியவில்லை.

தொலைபேசியை வைத்தபிறகு கேட்டேன், “என்ன சொன்னவை, அங்கிள்?”

“பால் கறக்க நேரமாகிவிட்டதாம்.”

கையிலிருந்த முடிவுக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“முடிவு வந்துவிட்டதா? நீங்கள் இங்கேதானே இருக்கப் போகிறீர்கள்?”

“ஓம்,” என்றேன். அந்தச் சொல் அவருக்குத் தெரியும்.

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேத்திலில் தண்ணீர் பிடிக்க எழுந்தார். “மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா,” என்றார்.