ஆறு பிடி உரமும் ஜெமீலா மேடமும்

வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்துகொண்டிருந்தேன். வாழை விவசாயி சுடலைமுத்து சைக்கிளில் வந்து, இறங்காமலே சொன்னார்: "அண்ணாச்சி, மண் ஆபீஸ் ஜெமீலா மேடம் மவுத்தாயிட்டாங்களாம். ராத்திரி உசுரு போயிட்டாம்." சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஏரலில் உரக்கடை வைத்திருப்பவன் நான். மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மேடத்தை ஆரம்பத்தில் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. மூட்டை வாங்க வரும் ஆளை மறித்து, "முதல்ல மண்ணைக் கொண்டாங்க, பார்ப்போம்" என்று திருப்பி அனுப்பினால் எந்த வியாபாரிக்குப் பிடிக்கும்?

ஒரு கோடையில் சுடலைமுத்துவின் வாழை வாடியது. காலடியில் ஈரம் இருந்தும் இலை தொங்கிப்போனது. மேடம் மண்ணை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார்கள். ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் மறுநாளே வந்து, "உரம் கூடிப்போச்சு" என்றார்கள்.

"உரம் கூடினா வாழை நல்லால்லா வரணும்?" என்றேன்.

"மாங்காய்க்கு உப்புப் போட்டா தண்ணி விடுதுல்லா, அண்ணாச்சி? அதேதான். வேர்ல ஒவ்வொரு செல்லுக்கும் மெல்லிசா ஒரு தோல் உண்டு. தண்ணி அது வழியா தானா போகும், வரும். வெளிய உப்பு கூடினா உள்ள இருக்க தண்ணியையும் இழுத்துரும். உப்பு அப்படித் தானா கடக்காது. தூக்கிவிட அந்தத் தோல்லயே ஆள் உண்டு. அவங்க வேண்டியதைப் பார்த்துப் பையத்தான் தூக்குவாங்க. நாம அள்ளிக் கொட்டினா அவங்க என்ன செய்வாங்க?"

வரப்பில் ஊரே நின்றது. சுடலைமுத்து என்னைப் பார்த்தார். வாழைக்கு ஆறு பிடி போடச் சொன்னவன் நான். "ஏலே, ரெண்டு பிடின்னுல்லா சொன்னேன்! ஆறு பிடி அள்ளிக் கொட்டிட்டு இப்ப முழிக்கே!" என்று சத்தம் போட்டேன். அவர் மனைவி முன்னால் அவர் தலைகுனிந்து நின்றார். அன்றிலிருந்து ஊரில் அவருக்கு 'ஆறு பிடி' என்றே பட்டப்பெயர்.

மேடம் சுடலைமுத்துவைத் தோட்டத்துக்குள் கூட்டிப்போனார்கள். நல்ல தண்ணீரைப் பாய்ச்சி, வடித்து, மறுபடி பாய்ச்சச் சொல்லித் தோட்டத்தைக் காப்பாற்றினார்கள். பிறகு கடைக்கு வந்தார்கள். "வாழை பிழைச்சிரும். அந்த மனுசன்தான் வாடிப்போயிட்டாரு. நீங்கதான் சொல்லணும், அண்ணாச்சி."

"சொல்லுதேன்" என்றேன். சொல்லவில்லை. அதன் பிறகு எப்போது வந்தாலும், "சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்பார்கள். வெட்கமில்லாமல் நாளைக்கு, நாளைக்கு என்பேன். ஓய்வு பெற்ற பிறகும் கேட்டார்கள்.

அடக்கத்துக்கு ஊரே போயிருந்தது. கபர் குழியில் ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள். நானும் அள்ளினேன், விரல் தானாக மண்ணைத் தேய்த்துப் பார்த்தது. போட முடியவில்லை.

"சுடலை, ஆறு பிடி போடச் சொன்னது நான்தான்லே. உன் மேல பழியைப் போட்டுட்டேன்" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சுடலைமுத்து பைய என் பக்கத்தில் வந்தார். "ஆறு பிடின்னு நீங்க எழுதித் தந்த சீட்டு இன்னும் எங்கிட்ட இருக்கு அண்ணாச்சி. மேடம்தான், 'வெளிய காட்டாதீங்க, அண்ணாச்சியே சொல்லுவாரு'ன்னாங்க."

அதன் பிறகுதான் மூன்று பிடியும் போட்டேன்.

சொல்லிவிட்டேன், மேடம். நீங்கள் கேட்க முடியாத நாளில்தான் சொன்னேன். மன்னித்து உறங்குங்கள்.