பொய் சொல்லிக் கப்பலேற மறுத்த எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் திருவாமாத்தூரில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை பயிரிடும் குடும்பத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமானதால், திண்டிவனத்து லாரிப் பட்டறையில் வெல்டிங் கற்றுத் தங்கைகளான எங்களைக் கரையேற்றினார். எண்பதுகளின் தொடக்கத்தில் பம்பாய் சென்று, ஐரோப்பாவின் வடகடலில் மீன் ஏற்றும் பழைய கப்பலொன்றில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே துருவைச் சுரண்டாமல் அதன்மேலேயே பெயின்ட் அடிக்கச் சொல்வார்களாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அண்ணனுக்கு முகம் சுளிக்கும்.

ஒரு குளிர்காலத்தில் புயல் எச்சரிக்கை வந்தும், சரக்கு தாமதமாகக் கூடாதென்று கம்பெனி கிளம்பச் சொன்னது. மேல்தளத்தில் தெறித்த கடல்நீர் அப்படியே பனிக்கட்டியாக உறைந்தது. சுத்தியலால் உடைத்து மாளவில்லை. அந்தப் பாரத்தில் கப்பல் சாய்ந்தது. உயிர்காக்கும் படகை இறக்கப் போனால், பெயின்டுக்கடியில் கப்பிகள் துருவேறி இறுகிக் கிடந்தன. தூத்துக்குடிக்காரரான ஓர் அதிகாரி அண்ணனை ரப்பர் மிதவையில் ஏற்றிவிட்டார். அவர் ஏறுவதற்குள் அலை அவரைக் கொண்டுபோய்விட்டது. அந்தக் கரையோரத்து மீனவர்கள்தாம் அண்ணனைத் தூக்கிக் காப்பாற்றினார்கள்.

தீராத இருமலோடு ஊர் திரும்பிய அண்ணனைத் தேடிக் கம்பெனி ஆள் ஒருவர் வந்தார். இறந்த அதிகாரி குடித்துவிட்டுக் கப்பலைக் கவிழ்த்ததாக விசாரணையில் சொல்ல வேண்டுமாம். சொன்னால் புதுக் கப்பலில் வேலையாம். எங்கள் உறவினர் சிலரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். சித்தப்பா சொன்னார்:

"செத்தவன் என்னா எழுந்து வந்து கேக்கப் போறானா? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேண்டா. எத்தினி நாளு இப்பிடியே இருமிக்கினு கெடப்ப?"

"என்னை மேல ஏத்திவுட்ட மனுசன் சித்தப்பா அவரு. அவரைக் குடிகாரன்னு சொல்லிட்டு நான் எப்பிடி சோறு துன்றது?" என்ற அண்ணன், வந்தவரிடம் திரும்பினார். "கெளம்புங்க சார். உங்களைப் பாத்தாலே கொமட்டுது."

விசாரணையில் நடந்ததை நடந்தபடி சொன்னார். அதிகாரி மேல் பழி விழவில்லை. அதன்பின் எந்தக் கப்பலிலும் அண்ணனுக்கு வேலை கிடைக்கவில்லை. விக்கிரவாண்டியில் வெல்டிங் செய்து பிழைத்தார். அந்தக் குளிர்நீரில் கெட்ட நுரையீரல் தேறவேயில்லை. கடைசி நாட்களில் மீன் குழம்பின் வாசனைக்கே முகத்தைத் திருப்பிக்கொள்வார். சென்ற ஆண்டு மூச்சிரைப்பிலேயே எங்களை விட்டுப் பிரிந்தார்.

பெயர்கூடத் தெரியாத அந்த மீனவர்களுக்கும், தூத்துக்குடியிலிருந்து காரியத்திற்கு வந்து, "எங்க வீட்டுக்காரர் பேரைக் காப்பாத்திட்டீங்களே அண்ணாச்சி" என்று படத்தின் முன் அழுத அம்மையாருக்கும், இருமலுக்குப் பார்த்த மருத்துவருக்கும் எங்கள் நன்றி.

பொய் சொல்லச் சொன்ன உறவினர்களும் வந்தார்கள், மாலை போட்டார்கள், உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர்களுக்கு நன்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

— தங்கை