வெற்றிலையில் ஒட்டிய குண்டுகள்

அரைத்த சந்தனத்தின் வாசனை எனக்கு ஆகாது. அதன் அடியிலிருந்து எப்போதும் கியர் எண்ணெயின் கெட்ட நெடி எழுந்து வந்து தொண்டையைப் பிடிக்கும். கல்யாண வீடுகளில் சந்தனக் கிண்ணத்தை நீட்டும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்து, திமிர் பிடித்தவள் என்று சொன்னவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பா வாடகைக்கு ஓட்டிய கார் அவரைவிட வயதில் மூத்தது. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் அதன் கியர் பெட்டியைக் கழற்றி, நடுவீட்டில் சாக்கை விரித்து, ஒவ்வொரு உறுப்பாக மண்ணெண்ணெயில் கழுவி வைத்தார். பல் தேய்ந்த சக்கரங்களுக்கு அம்மா 'பெரியவ', 'சின்னவ' என்று பேர் வைத்தாள். அவற்றைத் தள்ளிச் சேர்க்கும் இரட்டைக்கால் இரும்பு அவளுக்குக் 'கவட்டை'. சுண்டைக்காய் அளவில் கிடந்த இரண்டு எஃகுக் குண்டுகள்தான் அவளுக்குப் பிடிபடவில்லை.

"இது எதுக்குங்க?" என்று கேட்டாள்.

"அதுதாம்ட்டி போட்ட கியரைப் பிடிச்சி வைக்கும். உன் கவட்டை மாட்டியிருக்க கம்பியில ஒரு குழி உண்டு, அதுல போய் உக்காந்துக்கிடும், மேல ஸ்பிரிங் அமுக்கிக்கிடும். அது இல்லன்னா இறக்கத்துல கியர் தானா கழண்டுரும்" என்றார் அப்பா.

முக்கியமான சாமான் என்று தெரிந்ததால்தான் அம்மா கூடுதல் கவனம் எடுத்தாள். எல்லா உறுப்புகளுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டவள், குண்டுகள் உருண்டுவிடாமலிருக்க ஒரு வெற்றிலையில் சந்தனத்தை அப்பி, அதில் இரண்டையும் ஒட்டி வைத்தாள். படைத்ததை மறுநாள் மறுபூஜை வரைக்கும் தொடக்கூடாது. பூஜைப் பூ யார் காலிலும் மிதிபடவும் கூடாது. மறுபூஜை முடிந்ததும் வாடிய செவ்வந்தியையும் இலைகளையும் ஒன்றாக வாரிச் சுருட்டிக்கொண்டு போய் 'ஆத்தோட' விட்டுவிட்டு வந்தாள்.

அப்பா பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு, கடைசியாகப் போடவேண்டிய குண்டுகளைக் கேட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. படித்துறைக்கு ஓடி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மணலை அள்ளி அள்ளிப் பார்த்தாள். அப்பா திட்டவில்லை. "விடுட்டி, ஆத்தாவுக்குத்தான போட்டிருக்க. இன்னைக்குக் கடை இருக்காது, நாளைக்குப் பேட்டையில வேற வாங்கிக்கிடலாம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம்தான்.

மதியம் மலைமேல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்து ஒரு கணக்கர் வாசலில் நின்றார். மேலே அவர் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது, பஸ்ஸில் உட்கார வைத்துக் கொண்டுவர முடியாது, வேறு வண்டி எதுவும் கிடைக்கவில்லை.

"குண்டு இல்லாம மலைக்குப் போவாதீங்க" என்று அம்மா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு கையால கியரை அமுக்கிப் பிடிச்சிக்கிட்டே பைய எறங்கிருவேன். அங்கன ஒருத்தி உசிருக்குத் துடிக்காளேட்டி" என்று அவள் விரல்களை விலக்கிவிட்டுப் போனார்.

பிறகு நடந்ததை அந்தக் கணக்கர்தான் வந்து சொன்னார். "பாதி மலை வரைக்கும் கியரை விடாமதான் வந்தாவ. கொண்டை ஊசி வளைவுல ஸ்டீயரிங்குக்கு ரெண்டு கையும் வேண்டியிருந்துச்சு. விட்டாவ, கழண்டுட்டு. பிரேக்கும் சூடேறிப் பிடிக்கல." பள்ளத்தில் விடாமல், தான் உட்கார்ந்திருந்த பக்கத்தைப் பாறையில் மோதிக் காரை நிறுத்தியிருக்கிறார் அப்பா. பின் சீட்டிலிருந்த பெண் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அப்பா பிழைக்கவில்லை. "ஆயுதத்தை ஆத்துல போட்டா சும்மா விடுமா?" என்று அம்மாவின் காதுபடவே தெருவில் பேசினார்கள். அவர்கள் வாயில் மண் விழ.

நசுங்கிய கார் எடைக்குப் போனது. அந்த மாதிரிக் கார் இப்போது எங்கள் ரோட்டில் கண்ணில் படுவதேயில்லை. படித்துறையிலும் பூவை ஆற்றில் விடாதீர்கள் என்று பலகை வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் இன்று இருப்பவை என் ஸ்கூட்டர் சாவியும் ஓர் அரிவாள்மணையும்தான். ஆனாலும் மறுநாள் காலையில், பார்வை மங்கிப்போன அம்மா வாடிய பூக்களை மடியில் கொட்டிக்கொண்டு, ஒவ்வொரு வெற்றிலையாகப் பிரித்து, இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்க்கிறாள். அது முடிகிறவரை வீட்டில் யாரும் குப்பைப் பையை எடுப்பதில்லை.