ஓடும் காரில் தைத்த பை

இடது கை வாரை மடித்துப் பிடித்திருந்தது. வலது கை குத்தூசியால் துளை போட்டு, அதே துளையில் மெழுகு தடவிய நைலான் நூலைச் செலுத்தி, மறுபக்கம் வாங்கியது. வாங்கிய நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கியது. பிறகு அடுத்த துளை. வண்டி குலுங்கினால் மட்டும் ஊசி அந்தரத்தில் நின்றது. குலுக்கல் அடங்கியதும் விட்ட இடத்துக்கே வந்து இறங்கியது.

"யக்கா, முன்னால பள்ளம் வருது. ஊசிய எடுத்துக்கிடுங்க" என்றான் காரை ஓட்டிய வேல்ராஜ்.

"எடுத்துக்கினேன். நீ எறக்கு."

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், கன்டெய்னர் லாரிகளின் இடுக்கில் புகுந்து புகுந்து போய்க்கொண்டிருந்தது கார். பின் இருக்கையில் தைத்துக்கொண்டிருந்தவர் ராஜம்மா. ஒரகடம் கூட்டு ரோட்டில், கொரிய மளிகைக் கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே, சீட் கவரும் தார்ப்பாயும் பையும் தைக்கிற கடை அவருடையது. பக்கத்தில் ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்திருந்த யூரி, முதுகில் ஒரே ஒரு பையோடு நாடு நாடாகச் சுற்றுகிற கொரியப் பெண். அந்த ஒரே ஒரு பைதான் ராஜம்மாவின் மடியில் துண்டு துண்டாகக் கிடந்தது.

முன் இருக்கையில் யூரியின் தோழி மின்-ஆ. ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் மூன்று வருடமாகத் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். லைனில் வேலை செய்கிற பெண்கள் அவளை மீனா என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழையும் அவர்களிடம்தான் கற்றாள். அதனால் அவள் தமிழில் மரியாதைப் பன்மை அவ்வளவாக இருக்காது. ஷிப்ட், ரீவொர்க், ரிஜெக்ட் எல்லாம் தாராளமாக இருக்கும்.

பை எப்படித் துண்டு துண்டானது என்பதற்கு ராஜம்மாவின் தொழில் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருக்கு யாரும் தையல் சொல்லித் தரவில்லை. கல்யாணமான புதிதில், அப்போது லாரி கிளீனராக இருந்த கணவர் நாகப்பன், கிழிந்த தார்ப்பாய் ஒன்றை மாத்தூர் வீட்டுக்குக் கொண்டு வந்து போட்டார். ராஜம்மா கிழிந்த இடத்தைத் தொடவில்லை. கிழியாத ஓரங்களை எல்லாம் பிரித்தார். எங்கே மடித்திருக்கிறார்கள், எங்கே இரட்டைத் தையல், கயிற்றை எதற்குள் வைத்து மூடியிருக்கிறார்கள் என்று பார்த்து, முழுத் தார்ப்பாயையும் மறுபடி தைத்தார். அன்றிலிருந்து எது கைக்கு வந்தாலும் பிரித்துப் பார்க்காமல் தைப்பதில்லை. பைக் சீட், ஹெல்மெட் பஞ்சு எல்லாம் பிரிந்தன. பிறகு கம்பெனி வேலைக்குப் போன நாகப்பன் ஒருநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது அவருடைய ஷூ அடிப்பாகம் தனியாக, மேல்பாகம் தனியாகக் கிடந்தது. அன்று செருப்போடு வேலைக்குப் போய் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

யூரியின் பையில் கிழிந்திருந்தது வலது தோள் வாரின் அடி மட்டும்தான். முந்தின நாள் சாயங்காலம் மீனா கொண்டுவந்து கொடுத்து, "இங்க மட்டும் ஒரு தையல் போடுக்கா" என்று விரல் வைத்துக் காட்டினாள். ராஜம்மா தலையாட்டினார். அவள் போனதும் இரண்டு வாரையும் பிரித்தார். முதுகுப் பஞ்சைப் பிரித்தார். உள்ளே இருந்த அலுமினியக் கம்பியை உருவி, அது எங்கே வளைந்திருக்கிறது என்று தடவிப் பார்த்தார். பாரம் தோளில் உட்காராமல் இடுப்புக்கு இறங்கும் வழி புரிந்ததும், காலையில் மிஷினில் வைத்தால் ஒரே இழுப்பு என்று கடையை மூடினார்.

காலையில் கரண்ட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம் வரை மின்நிறுத்தம். வேடிக்கை என்னவென்றால் அது ராஜம்மாவுக்குத் தெரியும். வீட்டில் சட்னியை முந்தின இரவே அரைத்து வைத்துவிட்டார். கடையில் மிஷினும் கரண்டில்தான் ஓடுகிறது என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை. மிஷினுக்கு மோட்டார் வாங்கியபோதே மிதிகட்டையைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தார்.

யூரியையும் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றக் காரோடு வந்து நின்ற மீனா மேசையைப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது! ரிப்பேருக்குக் குட்த்தா, லைனையே கயட்டி வெச்சிகினுகீற!"

"கரண்ட் போயிடுச்சு கண்ணு."

"நைட்டு ஃப்ளைட்டுக்கா! நேபாளம் போறா!"

யூரி மேசையருகே வந்தாள். தன் பையின் ஒவ்வொரு துண்டையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய வீடே அதுதான். சட்டை, மருந்து, பாஸ்போர்ட், தூங்கும் பை எல்லாம் அதற்குள் போயாக வேண்டும். அந்த விரல்களைப் பார்த்ததும் ராஜம்மா ஷட்டரை இறக்கினார்.

"நானும் வண்டில வரேன். நீங்க சுத்திப் பாருங்க, நா கையிலயே தச்சிகினு வரேன். ஏர்போர்ட்டுக்குள்ள நீ கால் வெக்கசொல்ல பை உன் முதுகுல இருக்கும்."

அப்படித்தான் நான்கு பேராகப் புறப்பட்டார்கள்.

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் தோழிகள் இருவரும் ஒவ்வொரு சிற்பத்தின் முன்னாலும் நின்று படம் எடுத்தார்கள். கம்பெனியிலிருந்து மீனாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று முறை கேட்டுக் கிடைக்காமல், நான்காம் முறை கிடைத்த லீவு இது. அவள் போனை அணைத்துக் கைப்பைக்குள் போட்டாள். ராஜம்மா வெளியே புல்வெளியில், மர நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து தைத்தார். காவலாளி வந்தார்.

"யம்மா, இங்கெல்லாம் கடை போடக் கூடாது."

"கடை இல்ல சார், ரிப்பேரு. ஏவாரமா பண்றேன்?"

காவலாளி யோசித்துப் பார்த்து, தன் விசில் கயிற்றை நீட்டினார். அறுந்திருந்தது. ராஜம்மா அதையும் முடிந்து கொடுத்தார்.

கோயிலைச் சுற்றி முடித்து யூரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். போனில் ஒரு மலையைக் காட்டினாள். வெள்ளை வெளேரென்று பனி. மீனா மொழிபெயர்த்தாள்.

"அங்கதான் போறா. பத்துப் பன்னெண்டு நாள் நடக்கணும்."

"பை கார்ல வருமா?"

"ரோடே கெடியாதுக்கா. பை முதுகுலதான்."

"வார் அந்தாண்ட அறுந்து பூடுச்சுன்னா?"

மீனா கேட்டுச் சொல்வதற்குள் யூரிக்கே புரிந்துவிட்டது. ஒரு கையை மலையாகச் சாய்த்து, அதில் மறு கையை உருட்டி விட்டாள். பை போய்க்கொண்டே இருந்தது. அவள் சிரித்தாள். மீனாவும் சிரித்தாள். ராஜம்மா சிரிக்கவில்லை. ஊர் சுற்றுகிற பை என்றால் ஓட்டலுக்கும் பஸ்ஸுக்கும் போகிற பை என்றுதான் நேற்றிலிருந்து நினைத்திருந்தார். பழைய வாரை வெயிலுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தார். கிழிந்த இடத்தில் மட்டுமில்லை, வார் முழுக்க வேர்வையும் வெயிலும் தின்று ஊடாக வெளிச்சம் தெரிந்தது. பிடிப்பே இல்லாத வாரில் இத்தனை நேரம் உறுதியான தையல் போட்டிருக்கிறார்.

பிளேடை எடுத்தார். ஒரகடத்திலிருந்து காஞ்சிபுரம் வரை தைத்ததை எல்லாம் அறுத்தார்.

தண்ணீர் பாட்டிலோடு வந்த வேல்ராஜ் தலையில் கை வைத்தான். கூட்டு ரோட்டில் வாடகைக் கார் ஓட்டுகிற கோவில்பட்டிக்காரன். கத்தினால் ஊருக்கே கேட்கும். "யக்கா! கிழிஞ்சதப் பிரிச்சிய, செரி. இப்ப தைச்சதையும் பிரிக்கியளே! ஒங்களுக்கு ஊசியக் கண்டுபிடிச்சதே தப்பு!"

"கத்தாத. புது வார் வேணும். கடையில ரோல் கீது."

கடை ஒரகடத்தில். அடுத்துப் போக வேண்டியது மாமல்லபுரம். இரண்டுக்கும் வழி வாலாஜாபாத்தில் பிரிகிறது. அங்கே வந்ததும் வேல்ராஜ் காரை ஓரமாக நிறுத்திக் கணக்கைச் சொன்னான். இடது பக்கம் திரும்பிக் கடைக்குப் போய் வரலாம். ஆனால் ஷிப்ட் விடுகிற நேரம், கம்பெனி பஸ்கள் சாலையை அடைத்துக்கொள்ளும். கடற்கரைக் கோயிலைச் சாயங்காலம் மூடிவிடுவார்கள். "ரெண்டுல ஒண்ணுதான்க்கா."

மீனா அதைக் கொரிய மொழியில் சொன்னாள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. பூசானில் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள் இருவரும். மீனா இங்கே வந்த முதல் மாதம், தனியாக அழுதுகொண்டு மாமல்லபுரம் போய், கடற்கரைக் கோயில் முன்னால் நின்று யூரியிடம்தான் போனில் பேசினாள். நீ வரும்போது இங்கே இரண்டு பேரும் சேர்ந்து நிற்போம் என்று அப்போது சொல்லியிருந்தாள். மூன்று வருடம் ஆயிற்று. இன்று இரவு யூரி போனால், மறுபடி எப்போது என்று இருவருக்கும் தெரியாது.

யூரி ஏதோ சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னா சொல்லுது?" என்றார் ராஜம்மா.

"பைதான் முக்கியமாம். கடைக்கே போலாமாம்."

வேல்ராஜ் இண்டிகேட்டரைப் போட்டான்.

"இருடா" என்றார் ராஜம்மா.

காலடியில் இருந்த தன் சொந்தப் பையை எடுத்து இருக்கையில் கவிழ்த்தார். கத்தரி, நூல்கண்டு, டிபன் பாக்ஸ், வீட்டுச் சாவி, தைலக் குப்பி எல்லாம் உருண்டன. கறுப்பு ரெக்சின் பை. அதன் தோள் பட்டைகள் சீட் பெல்ட் பட்டையில் செய்தவை. ஒரு கம்பெனிக் கழிவில் வந்தது. ஏழெட்டு வருடமாக அவர் தோளிலேயே இருந்தும் ஓரம்கூடப் பிசிறவில்லை. பிளேடு அதன் அடித் தையலில் நுழைந்தது.

"அக்கா! அது ஒன்னோட பேக்கு!"

"என்னுதுதான். நா இன்னா மலையா ஏறப் போறேன்? கடைக்கும் வூட்டுக்கும் நடக்கிறவளுக்கு ஒரு மஞ்சப்பை போதும். வண்டி மோதுனா மனுசனையே புடிச்சி நிறுத்துற பட்டை கண்ணு இது. ஒரு பையைத் தாங்காதா?" அறுத்த முனையைப் பார்த்தார். "நூல் பிரியும். தீய்க்கணும். வேலு, லைட்டர் குடு."

வேல்ராஜ் சட்டைப் பையிலிருந்து உடனே எடுத்துக் கொடுத்தான்.

"சிகரெட்ட வுட்டுட்டேன்னு சொன்ன?"

"சாமிக்கு சூடம் பொருத்தக்கா."

"டெய்லி எத்தினி சாமிடா கும்பிடுற?"

"இப்ப எங்கனக்கா போவட்டும், அதச் சொல்லுங்க."

"கடலுக்குப் போ. குலுக்காம போ."

செங்கல்பட்டு தாண்டுவதற்குள் ஒரு வார் ஏறிவிட்டது. திருக்கழுக்குன்றத்தில் இரண்டாவதும், அலுமினியக் கம்பியை உள்ளே வைத்து மூடிய முதுகுப் பஞ்சும் முடிந்தன. மாமல்லபுரத்தில் இறங்கியதும் ராஜம்மா நேராக இளநீர் வண்டிக்குப் போனார். கடையில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு: எந்தப் பையையும் பாரம் ஏற்றிப் பார்க்காமல் கொடுக்க மாட்டார். கடையில் அதற்கு ஒரு கொக்கியும் பழைய ஆட்டுக்கல் குழவியும் இருந்தன. இங்கே இளநீர்தான் கிடைத்தது. ஒவ்வொன்றாகப் பையில் போட்டு, ஒற்றை வாரில் பிடித்துத் தூக்கிக் குலுக்கினார்.

இளநீர்க்காரி சந்திரம்மாள் அரிவாளை இடுப்பில் ஊன்றினாள். "யம்மா, குடிக்க வந்தியா, மூட்டை தூக்க வந்தியா? குலுக்குனதெல்லாம் எவன் குடிப்பான்?"

"இவன் குடிப்பான்" என்று வேல்ராஜைக் காட்டினார்.

வேல்ராஜ் குடித்தான். மூன்றாவதில் கையெடுத்துக் கும்பிட்டான்.

வார் அசையவில்லை. தோழியோடு கோயிலுக்குப் போகச் சொல்லியும் யூரி ராஜம்மாவை விட்டுப் போகவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். பையை அணைத்துக்கொண்டு, உதட்டில் ஊசியைக் கவ்விக்கொண்டு ராஜம்மாவும் உள்ளே போனார். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை கூட்டி வந்திருக்கிறார்கள். மிளகாய்த்தூள் தடவிய வெள்ளரிப் பிஞ்சு தவிர அவருக்கு எதுவும் நினைவில்லை.

கோயில் முன்னால் தோழிகள் இருவரும் தோளில் கை போட்டு நின்றார்கள். பின்னால் கோபுரம், அதற்குப் பின்னால் கடல். மீனா சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். படம் எடுக்க யூரியின் போன் ராஜம்மாவின் கையில் இருந்தது. ஒன்று எடுத்தார். இரண்டு எடுத்தார். மூன்றாவதில் கை நின்றது.

"மீனா, அவள நேரா நிக்கச் சொல்லு."

"நேராதான்க்கா நிக்கிறா."

"இல்ல. வலது தோள் எறங்கிகீது. அரை விரக்கடை." கிழிந்த வார் எவ்வளவு காலமாக அவளை ஒரு பக்கம் சாய்த்து வைத்திருந்ததோ. "ரெண்டு வாரும் ஒரே அளவு வெச்சா இவளுக்கு வலிக்கும்."

காற்று முந்தானையைப் பிடுங்கியது. ராஜம்மா முதல் முறையாக நிமிர்ந்து கோயிலைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவ்ளோ கிட்டயா கீது கடலு?" என்றார். "நல்லாத்தான் கீது."

பிறகு புல்லில் உட்கார்ந்து, வலது வாரின் அடியை மட்டும் பிரித்து, அரை விரற்கடை தள்ளி மறுபடி தைத்தார். காவலர்கள் விசில் ஊதி எல்லாரையும் வெளியே அனுப்பியபோது கடைசி முடிச்சைப் போட்டு நூலைப் பல்லால் கடித்தார்.

விமான நிலையத்தில், புறப்பாடு வாசலில் வேல்ராஜ் காரை நிறுத்தினான். காரிலேயே யூரி தன் சாமான்களை எல்லாம் பைக்குள் அடுக்கியிருந்தாள். பிறகு மீனாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். "இருய்யா, பொண்ணுக பேசிக்கிட்டிருக்குல்லா!" என்று வேல்ராஜ் திருப்பிக் கத்தினான்.

ராஜம்மாவின் கத்தரியும் டிபன் பாக்ஸும் சந்திரம்மாள் கொடுத்த பிளாஸ்டிக் பையில் கிடந்தன. அதைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் யூரியின் பையைத் தூக்கினார். யூரி கை நீட்டினாள். ராஜம்மா கொடுக்கவில்லை. ஊருக்குப் புறப்படுகிற ஹாஸ்டல் பெண்களுக்குக் கடையில் சொல்வதுபோலச் சொன்னார்.

"திரும்பு."

மீனா சொல்லாமலே யூரி திரும்பினாள். ராஜம்மா இடது வாரை மாட்டினார், வலது வாரை மாட்டினார், இடுப்புப் பட்டையை முன்னால் கொண்டுவந்து பூட்டினார். இரண்டு தோளையும் கண்ணால் அளந்தார். ஒரே மட்டம். பையைப் பிடித்து இரண்டு முறை கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, கையை எடுத்தார்.

"எடுத்துகினு போ கண்ணு."