மூன்று நாளைக்கொரு கிரகணம்

தென்றல் என்ற பெயரை ராணியம்மாள் முதன்முதலில் கேட்டது கீழ்பென்னாத்தூரில், ஒரு காதுகுத்து வீட்டுப் பந்தியில். "இருசப்பன் பேத்தி. ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து சம்பளம் வாங்குது" என்றார்கள். நர்ஸ் என்று நினைத்துக்கொண்டார்.

மருமகளாக வேங்கிக்கால் வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஒன்றையொன்று சுற்றும் ஜோடி நட்சத்திரங்களைப் பார்ப்பது அவள் வேலை. ஒன்று மற்றதை மறைக்கும்போது, சுற்றிலும் எரிகிற ஒளிவட்டம் எதுவரை பரவியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடாது. டியூப் லைட்டோ தெருவிளக்கோ, ஒரு கண்ணை மூடிக் கட்டைவிரலால் மறைத்துப் பார்ப்பாள். ஒருநாள் மாமியாரின் மூக்குத்தியையே மறைத்தாள்.

"ஏம்மா, மூக்க அளக்குறியா?"

"மின்னுறது மறைஞ்சாதான் அத்தை, சுத்தி இருக்கிறது தெரியும்."

இன்று கிரகணம் என்று அவள் போனில் பேசியதை முதலில் கேட்ட அன்று, ராணியம்மாள் மாவில் தர்ப்பை போட்டு, ரசத்தைக் கொட்டிவிட்டு, பட்டினியாக உட்கார்ந்துவிட்டார். அந்த ஜோடிக்கு மூன்று நாளைக்கொரு கிரகணம் என்று தெரிந்ததும், "அப்ப அந்த ஊர்ல எப்பதான் சோறு பொங்குவாங்க?" என்றார்.

கேலியெல்லாம் தென்றல் உண்டாகும்வரைதான். ஆறாம் மாதத்தில், ஜவ்வாது மலைத் தொலைநோக்கியில் அவளுக்கு முறை வந்தது. அதே நேரத்தில் எக்ஸ்ரே பார்க்கும் செயற்கைக்கோளும், விண்ணின் ரேடியோ அலைகளை வாங்கும் புனே பக்கத்து ராட்சதக் கிண்ணங்களும் அதே ஜோடியைப் பார்க்கும். மூன்றும் ஒன்றுகூட இரண்டு வருடம் காத்திருந்தாள். இதை விட்டால் இன்னொன்று எப்போதோ.

"வயித்துப்புள்ளைக்காரி கிரகணம் பாக்கப் போவாளா? புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போவேன்" என்று ராணியம்மாள் கார் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். மகன் அறிவுச்செல்வன் தட்டை விட்டுத் தலை நிமிரவில்லை.

தென்றல் சண்டை போடவில்லை. "அது இப்ப நடக்கல அத்தை. அந்த வெளிச்சம் இங்க வந்து சேரவே தொண்ணூறு வருஷத்துக்கு மேல ஆவுது. அந்தக் கிரகணம் அப்பவே முடிஞ்சுபோச்சு."

ராணியம்மாள் விரல்களை மடக்கி, சொந்தபந்தத்தில் பின்னோக்கிப் போனார்.

"அப்ப எங்க மாமியார் தங்கம்மாள், அவங்கம்மா சந்திரம்மாள் வயித்துல இருந்திருப்பாங்க." கொஞ்சம் யோசித்தார். "அவங்களுக்கு இன்னா கொறஞ்சிது? எண்பத்தாறு வயசு வரைக்கும் ஒரு பல்லு விழல. என்னை ஆட்டிவச்ச வாயும் ஓயல."

முந்தானை முடிச்சு அவிழ்ந்தது.

"போய்ட்டு வா. அவங்கள மாதிரி பொறக்காம இருந்தா சரி."

கார் தெருமுனை திரும்பியதும் ராணியம்மாள் சமையலறைக்குப் போனார். பழைய கிரகணத்துக்கு இது போதும் என்று ஒரு தர்ப்பையைக் கிள்ளி, பாதியை மட்டும் மாவில் போட்டு மூடினார்.

தென்றல் இப்போது ஜவ்வாது மலையில், அந்தப் பழைய வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.